18-ஏ மேசை

ஞாயிறு இரவு

போட்டி ஒருங்கிணைப்பாளரின் கடிதம் வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை எனக்கு 18-ஏ மேசை, அதாவது ப்ளாண்ட் ஏல். விருப்பம் கேட்டபோது இதைத்தான் முதலில் எழுதியிருந்தேன். கேட்டவுடன் கிடைத்ததில் வியப்பில்லை, இந்த மேசைக்கு யாரும் முண்டியடிப்பதில்லை. கலிஃபோர்னியாவின் நடுக்கடற்கரைப் பக்கம், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் நடத்தும் போட்டிகளில் நடுவர்கள் விரும்பிக் கேட்பது ஐ.பி.ஏ.வை, புளிப்புப் பீர்களை, விஸ்கிப் பீப்பாயில் கிடந்து வந்த கனத்த ஸ்டவுட்டை. ப்ளாண்ட் ஏல் என்றதும் "அதில் ருசித்துப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள்.

என்ன இருக்கிறது என்பதை இந்த வாரம் முழுக்க எழுதிவைக்க நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் பி.ஜே.சி.பி.யின் 2021 நெறிமுறைகளை எடுத்து மறுபடி வாசித்தேன். பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் சான்றும் தர 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. அதன் சுவைத் தேர்வில் ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பீர்களை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் நிறைய எழுதித் தர வேண்டும். அந்தத் தேர்வை எழுதியவர்களுக்குத் தெரியும், பீரைக் குடிப்பது எளிது, குடித்ததைச் சொல்லில் வைப்பது பெரும்பாடு.

18-ஏ என்ற எண்ணின் கீழ் நெறிமுறைகள் சொல்லும் ப்ளாண்ட் ஏல் இது: வெளிர் மஞ்சள் முதல் ஆழ்ந்த பொன்னிறம் வரை, நல்ல தெளிவு, மேலே வெள்ளை நுரை. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், மென்மையான இனிப்பு வாசம். ரொட்டிச் சாயலோ பிஸ்கட் சாயலோ கொஞ்சம் தெரியலாம். பழவாசம் இருந்தால் அடங்கி இருக்க வேண்டும். கசப்பும் வாசமும் தருகிற ஹாப்ஸ் பூ நடுத்தரத்தைத் தாண்டக் கூடாது. கசப்பு 15 முதல் 28 ஐ.பி.யூ., ஆல்கஹால் 3.8 முதல் 5.5 சதம். நொதிக்குமுன் அடர்த்தி 1.038 முதல் 1.054, நொதித்து அடங்கியபின் 1.008 முதல் 1.013. தண்ணீரின் அடர்த்தி 1.000. ஆக, மால்ட்டிலிருந்து இறங்கிய சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது என்பதைத்தான் அந்தக் கடைசி எண் சொல்கிறது. விழுங்கியபின் நாக்கில் பிசுபிசுப்பு நிற்கக் கூடாது.

இதைச் சுற்றியுள்ள வகைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொலோன் நகரத்துக் கோல்ஷ் நெருங்கிய சொந்தம், ஆனால் குளிரில் நாள்பட ஓய்வெடுத்து இன்னும் மெலிந்து முடியும். 1986-ல் அந்த வட்டாரத்து ஆலைகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப்பின் கோல்ஷ் என்ற பெயரும் அவர்களுக்கே உரியதாயிற்று. கிரீம் ஏலில் பெரும்பாலும் மக்காச்சோளம் சேரும். இங்கிலாந்தின் கோல்டன் ஏலில் ஹாப்ஸ் முன்னே வரும். பெல்ஜியத்தின் ப்ளாண்டுக்கும் இதற்கும் பெயரும் நிறமும்தான் பொது. அது 6 சதத்துக்கு மேல் ஆல்கஹாலும், ஈஸ்ட் தருகிற மிளகு வாசமுமாக வேறு வகையாகிவிடுகிறது.

நம் ப்ளாண்ட் ஏல் அமெரிக்கச் சிற்றாலைகளின் தேவையில் பிறந்தது. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. அப்படிக் கைபழகியவர்கள் பலர் அடுத்த பத்தாண்டில் சொந்த ஆலை திறந்தார்கள். அங்கே வந்து உட்கார்ந்தவர்களோ பட்வைசர், மில்லர் போன்ற லாகர்களில் பழகிய நாக்குக்காரர்கள். லாகர் செய்வதென்றால் தொட்டியை வாரக்கணக்கில் குளிரில் அடைத்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று தொட்டியை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. ஏல் ஈஸ்ட் 18, 20 டிகிரி செல்சியஸிலேயே சில நாளில் வேலையை முடித்துவிடும். அப்படி லாகரின் நிறமும் எளிமையும் கொண்டு ஏல் ஈஸ்டில் காய்ச்சிய பீர்தான் இது. வெர்மான்ட் மாநிலத்துக் கேட்டமவுண்ட் ஆலை 1987-ல் காய்ச்சியது இந்த வகையின் முதல் பீராக இருக்கலாம் என்று நெறிமுறைகள் குறிக்கின்றன.

இந்தப் பிறப்புதான் அதற்குப் பின்னாளில் பாரமானது. புதியவர்களைப் பழக்குவதற்கான பீர் என்று பெயர் வாங்கிவிட்டதால், நாக்கு தேறியவர்கள் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் படிந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சனிக்கிழமை மேசைக்கு வரும் ஒவ்வொரு புட்டிக்குப் பின்னாலும் ஒரு வீட்டு அடுப்படியில் ஒரு நாள் முழுக்க நின்று காய்ச்சியவர் இருக்கிறார். அவருக்கு என் முழுக் கவனமும் போய்ச்சேர வேண்டும்.


செவ்வாய்

நாக்கைப் பழக்க, வேலை முடிந்து வரும் வழியில் கடையில் இரண்டு வகை வாங்கிவந்தேன். ஒன்று 805. பாஸோ ரோப்லெஸ் ஊரின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலை 2012-ல் வெளியிட்டது. எங்கள் வட்டாரத்தின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணே அதன் பெயர். 4.7 சதம் ஆல்கஹால், 20 ஐ.பி.யூ. மற்றது ஹவாயின் கோனா ஆலையுடைய பிக் வேவ். 4.4 சதம், 21 ஐ.பி.யூ. எண்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே பீர்தான். குடித்துப் பார்த்தால் ஒன்றின் சாயல்கூட மற்றதில் இல்லை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றக் கூடாது. 3, 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும், வாசமும் எழும்பாது. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, 8 டிகிரிக்கு வந்தபின் ஊற்றினேன். குவளையைச் சோப்பு வாடை போகும்வரை அலசி, துணி படாமல் காற்றிலேயே உலரவிட்டிருந்தேன். துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை உட்கார்ந்துவிடும். அப்புறம் நுரையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

805-ல் முதலில் வந்தது மால்ட். வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து முகர்ந்தால் வருகிற வாசம். அதன் பின்னால் மெல்லிய தேன் சாயல். ஹாப்ஸ் இருந்த இடம் தெரியவில்லை. வாயில் வைத்ததும் ஒரு மெல்லினிப்பு நடுநாக்கு வரை வந்தது. விழுங்கும் நேரத்தில் கசப்பு எழுந்து அந்த இனிப்பைத் துடைத்துவிட்டுத் தானும் போய்விட்டது. அந்தக் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்தேன். மூச்சை இழுத்து விடுவதற்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த வாய்க்கு நாக்கு சுத்தமாக இருக்கிறது. இந்த வகையின் தொழில்நுட்பமே இந்த இடத்தில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. கசப்பு கொஞ்சம் குறைந்தால் இரண்டாம் குவளையில் தெவிட்டும். கொஞ்சம் கூடினால் மால்ட்டின் மென்மை காணாமல் போகும். தவறுவதற்கு இடமே இல்லாத ஒடுங்கிய பாதை.

பிக் வேவில் ஹாப்ஸ் முன்னால் வருகிறது. சிட்ரா, கேலக்ஸி என்ற இரண்டு ஹாப்ஸ் வகைகள் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்கிற வாசம், பின்னால் பாஷன் பழம். மால்ட் அடியில் நிற்கிறது. ஆனால் கசப்பு கூடவில்லை. வாசத்தை மட்டும் வைத்துக் கசப்பையும் எதிர்பார்த்தால் நாக்கு ஏமாறும். கொதியின் கடைசியிலும் கொதி அடங்கியபின்னும் போடுகிற ஹாப்ஸ், வாசத்தை விட்டுச்செல்லும். கசப்பு ஏறுவதற்கு நீண்ட கொதி வேண்டும்.

இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தபோது ஒன்றை எழுதி அடிக்கோடிட்டேன்: இரண்டுமே 18-ஏ. மால்ட் பக்கம் சாய்ந்ததும் சரி, ஹாப்ஸ் பக்கம் சாய்ந்ததும் சரி. சனிக்கிழமை எந்தப் புட்டி வந்தாலும் "எனக்குப் பிடித்த ப்ளாண்ட்" என்று ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அளக்கக் கூடாது.

முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு மால்ட் வாசத்துக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. தாளில் மட்டும் காய்ச்சியவருக்குப் புரிகிற பெயரை எழுத வேண்டும்: ரொட்டி, உப்பு பிஸ்கட், தேன்.


வியாழன் இரவு

பக்கத்து ஊர் நடுவர் ஒருவரின் கார் கொட்டகையில் கூடினோம். நிறமும் மணமும் குறைந்த ஒரு சாதாரண லாகரை வாங்கி, ஒவ்வொரு குடுவையிலும் ஒரு குறையை அளந்து கலந்துவிடுவது. எது எதில் என்று தெரியாமல் முகர்ந்து கண்டுபிடிப்பது. மூக்கின் கூர்மையைத் தக்கவைக்க இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

டைஅசிட்டைல் முதலில் வந்தது. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசம். நாக்கில் ஒரு வழவழப்பு. நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடுகிற ஒரு பொருள் பீரில் கிடந்து டைஅசிட்டைலாக மாறும். நொதி முடிகிற நேரத்தில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே இழுத்துச் சுத்தம் செய்யும். அவசரக்காரர் அதற்குமுன் பீரைக் குளிர்வித்தாலோ ஈஸ்டிலிருந்து பிரித்தாலோ வெண்ணெய் அப்படியே தங்கிவிடும். மருந்து எளியது: கடைசியில் இரண்டு மூன்று நாள் சூட்டைச் சற்று ஏற்றிவைத்துக் காத்திருப்பது. ப்ளாண்ட் ஏல் சீக்கிரம் தயாராகிற பீர் என்ற பேச்சை நம்பி இந்த இரண்டு நாளைத் திருடுகிறவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் இருக்கிறார்கள். சிலருக்கு இந்த வாசம் எவ்வளவு கலந்தாலும் தெரியாது. பிறவியிலேயே மூக்கு அப்படி. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படித்தான், சொல்லிவிட்டுத்தான் மேசையில் உட்காருவார். ஒரு பீருக்கு இரண்டு நடுவர் என்று வைத்திருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அடுத்து மக்காச்சோளம் வேகும் தண்ணீரின் வாசம். டைமெதில் சல்ஃபைடு. அதன் மூலப்பொருள் வெளிறிய மால்ட்டில்தான் அதிகம்; நன்றாக வறுபட்ட மால்ட்டில் சூளைச் சூட்டிலேயே போய்விடுகிறது. ஆகையால் வெளிர் நிறப் பீர் காய்ச்சுகிறவர் பாத்திரத்தை மூடாமல், தளதளவெனக் கொதிக்கவிட்டு, ஆவியோடு அதை அனுப்பிவிட வேண்டும். பச்சை ஆப்பிள் வாசம் இளம் பீரின் அடையாளம். பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள் வாசம் ஆக்சிஜன் பட்டதைக் காட்டும். வெயில் பட்ட பீரின் நாற்றம் ஸ்கங்க் என்கிற விலங்கு பீய்ச்சுவதோடு உறவுள்ள கந்தகச் சேர்மத்தால் வருவது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைப்பதால் உண்டாகிறது. பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும். பச்சையும் வெள்ளையும் காக்காது.

இவையெல்லாம் எவ்வளவு நுண்ணிய அளவில் மூக்குக்குத் தெரிகின்றன என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிறது. டைஅசிட்டைல் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு இருந்தால் போதும். தாள் வாசத்துக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. வெயில் நாற்றத்துக்கு லட்சம் கோடியில் சில பங்கு. ஒரு ஸ்டவுட்டில் கருக வறுத்த மால்ட் இதில் பலவற்றை மூடிவிடும். ஐ.பி.ஏ.வில் ஹாப்ஸ் அந்த வேலையைச் செய்யும். ப்ளாண்ட் ஏலில் மூடுவதற்கு எதுவும் கிடையாது. காய்ச்சியவர் ஈஸ்டை எவ்வளவு ஆரோக்கியமாக வைத்திருந்தார், தண்ணீரை எப்படிக் கையாண்டார், புட்டியில் அடைக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதெல்லாம் வெளியே தெரியும். சிறந்த ஸ்டவுட் காய்ச்சுகிற பலருக்கு நல்ல ப்ளாண்ட் வராததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ப்ளாண்ட் காய்ச்சுகிறவர் மோசமான ஸ்டவுட் காய்ச்சி நான் குடித்ததில்லை.


சனி இரவு

கை இன்னும் பென்சில் பிடித்தபடியே மடங்கி நிற்கிறது. ஆனாலும் சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும்.

காலையில் காபி குடிக்கவில்லை, காரம் தொடவில்லை. இட்லியும் தயிரும். வாசனை சோப்பும் கிடையாது. காரில் கொண்டுவிட்டதும் அழைத்துவந்ததும் மனைவி. ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள், பீரில் விழுங்கியபின் வரும் கசப்பையும் முடிவையும் அளக்க வேண்டியிருப்பதால் நாங்கள் துப்புவதில்லை. குவளைக்கு இரண்டு மூன்று அவுன்ஸ்தான், அதாவது 60 முதல் 90 மில்லிதான், என்றாலும் நடுவர் வண்டி ஓட்டக் கூடாது.

எனக்கு இணையாக உட்கார்ந்தவர் என்னைவிடத் தகுதியில் ஒரு படி மேல், நேஷனல் நடுவர். வயதிலும் மூத்தவர். ஐ.பி.ஏ. மேசைகளில் அவர் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. மேசையில் தண்ணீர்க் குடுவை, உப்பில்லாத பிஸ்கட், சிறு டார்ச், மதிப்பெண் தாள்கள். உதவியாளர் கொண்டுவரும் புட்டியில் எண் மட்டும் ஒட்டியிருக்கும்.

தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் வாயுவுக்கும் 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. ஊற்றியவுடன் நிறத்தைப் பார்க்காமல் முதலில் முகர வேண்டும்; சில வாசங்கள் அரை நிமிடத்தில் பறந்துவிடும். பேசாமல் இருவரும் தனித்தனியே எழுதி முடித்தபின்தான் வாய் திறக்கலாம். எண்களுக்கு இடையே இடைவெளி பெரிதாக இருந்தால் பேசி நெருங்கி வர வேண்டும்.

முதல் புட்டி நன்றாகக் காய்ச்சப்பட்டு, மோசமாக அடைக்கப்பட்டது. தாள் வாசம். மால்ட்டின் தரம் அடியில் தெரிகிறது, மேலே பழைய காகிதம். "நொதித்தபின் பீரைத் தெறிக்கவிடாமல் குழாய் வழியே அடியிலிருந்து நிரப்புங்கள், புட்டியில் காற்றிடைவெளியைக் குறையுங்கள்" என்று எழுதினேன்.

ஒன்றில் மருந்துப் பிளாஸ்திரி வாசம். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மால்ட்டிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வரும் ஃபீனால்களோடு சேர்ந்து உண்டாவது. கேம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டால் 75 லிட்டர் வரை தண்ணீரிலிருந்து குளோரின் நீங்கிவிடும். மாத்திரை விலையோ சில காசு. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்திருந்தார். இன்னொன்றில் கிராம்பு, ஈஸ்ட் மாறியதோ, வேண்டாத காட்டு ஈஸ்ட் புகுந்ததோ. பெல்ஜியப் பெயரில் அனுப்பியிருந்தால்கூடக் கனம் போதாது.

அதன்பின் ஒரு புட்டி திறந்தவுடன் மேசை முழுக்க மணத்தது. மாம்பழம், புளுபெர்ரி, பைன் பிசின். என் இணை நடுவர் முகம் மலர்ந்தது. குடித்தால் அருமை, கசப்பு 40 ஐ.பி.யூ.வுக்குக் குறையாது என்று பட்டது. இது 18-பி, அமெரிக்கன் பேல் ஏல் மேசைக்குப் போயிருந்தால் பரிசு வாங்கியிருக்கும். இங்கே அதற்கு 31 கொடுத்தோம். அவருக்கு மனமே இல்லை. எனக்கும் அந்தப் பீரைப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அனுப்பியவர் கேட்டிருந்தது ப்ளாண்ட் ஏலுக்கான தீர்ப்பு.

அடுத்த புட்டிதான் நான் எழுத வந்த புட்டி.

வெளிறிய பொன் நிறம். டார்ச் ஒளி ஊடுருவி மறுபக்கத் தாளில் வட்டமாக விழுகிற தெளிவு. வாசத்தில் முதலில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. குவளையை உள்ளங்கையால் மூடிச் சூடாக்கித் திறந்தேன். புதிதாகச் சுட்ட ரொட்டி, உப்பு பிஸ்கட், எங்கோ பின்னால் ஒரு பூவாசம். வெண்ணெய் இல்லை, சோளம் இல்லை, ஆப்பிள் இல்லை. வாயில் மென்மையாகத் தொடங்கி, நடுவில் ரொட்டியின் நிறைவைத் தந்து, கசப்பு எழுந்து, அடங்கி, நாக்கைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போனது. நான் 42 எழுதினேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 35.

"குறை ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஆனால் எதுவும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை" என்றார்.

"பிடித்து இழுக்க வேண்டும் என்று நெறிமுறையில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்றேன். இருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வரி வரியாக ஒத்துப்பார்த்தோம். நிறம், தெளிவு, மால்ட், ஹாப்ஸ், முடிவு, எல்லாம் பொருந்தின. அவர் சுவையில் கழித்திருந்த மதிப்பெண்களுக்குப் பக்கத்தில் "மால்ட் மிகக் குறைவு" என்று இருந்தது. அங்கேதான் எனக்கு ஐயம் எழுந்தது. இதற்கு முந்தைய புட்டி அந்த மாம்பழப் பீர். அத்தனை ஹாப்ஸ் பிசின் நாக்கில் படிந்திருக்கும்போது இந்த ரொட்டிச் சுவை எப்படி எழும்பும்? நான் அந்தப் பீரில் ஒரு வாய்தான் எடுத்திருந்தேன். அவர் ரசித்துக் குவளையைக் காலி செய்திருந்தார்.

கொஞ்சம் இடைவேளை விடலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். பிஸ்கட் தின்று, தண்ணீர் குடித்து, புட்டியில் மீதியிருந்ததைப் புதுக் குவளையில் ஊற்றித் தரச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ரொட்டி இருக்கிறது. தேனும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு முன்பு இது வரவில்லை" என்று சொல்லித் தானே அழித்து எழுதினார். 41 என்று ஒத்துப்போனோம். 38 முதல் 44 வரை மிகச் சிறந்தது என்கிற பிரிவு. இருபது வருட அனுபவமும் பெயரும் உள்ள ஒருவர் பென்சிலை எடுத்துத் தன் எண்ணைத் தானே அழிக்கிற அந்த நேர்மைக்காக இந்த வேலையை எத்தனை வருடமானாலும் செய்வேன்.

குறைத்த 9 மதிப்பெண்களுக்கும் காரணம் எழுதினோம். நுரை சீக்கிரம் அடங்கியது. மால்ட் கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கோதுமை மால்ட் சேர்த்துப் பார்க்கலாம். வாயு சற்றுக் குறைவு. நாக்கில் இன்னும் கொஞ்சம் துள்ளல் இருந்தால் முடிவு மேலும் சுத்தமாகும். பேரிக்காய்ச் சாயல் ஒரு இழை கூடுதல். நொதிக்கும் சூட்டை ஒரு டிகிரி இறக்கலாம். காய்ச்சியவர் இதை வாசித்து அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் 41 என்ற எண்ணால் அவருக்குப் பயனில்லை.

மாலையில் இறுதிச் சுற்று. ஒவ்வொரு மேசையிலும் முதலில் வந்த பீர்களை வரிசையாக வைத்து மூன்று மூத்த நடுவர்கள் பேசிப் பேசி நீக்குவார்கள். இதில் மதிப்பெண் கிடையாது. நான் தள்ளி நின்று பார்த்தேன். வழக்கப்படி மெலிந்த பீரில் தொடங்கிக் கனத்த பீருக்குப் போனார்கள். எங்கள் ப்ளாண்ட் ஏல் தொடக்கத்திலேயே ஊற்றப்பட்டது. பீப்பாய் வாசமும் பத்துச் சதத்துக்கு மேல் ஆல்கஹாலுமாகக் கடைசிக் குவளையை முடித்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது, அந்த ப்ளாண்ட் ஏல் அறைச் சூட்டுக்கு வந்து, வாயு இறங்கி, நுரையின் சுவடே இல்லாமல் நின்றது. ஒருவர் எடுத்து ஒரு வாய் வைத்தார். "நல்ல பீர்தான்" என்றார். குவளை நகர்ந்துவிட்டது. பரிசு ஒரு பீப்பாய் ஸ்டவுட்டுக்குப் போனது. அதுவும் உயர்ந்த பீர், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர்கள் இரண்டாம் முறை குடித்தது நாங்கள் காலையில் மதிப்பிட்ட பீர் இல்லை, அதன் குளிரும் வாயுவும் போன மிச்சம்.


ஞாயிறு

ஒருங்கிணைப்பாளர் எல்லா நடுவர்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார். எனக்குச் சொல்ல இருப்பது நேற்று மாலையைப் பற்றித்தான். இறுதிச் சுற்றுக்கென்று ஒவ்வொரு பீரிலும் இன்னொரு புட்டி குளிரில் இருக்கிறது. ஆறு சத ஆல்கஹாலுக்குக் கீழே உள்ள பீர் எதையும் நீக்குமுன், நடுவர்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்து, அந்தப் பீரைப் புதிதாக ஊற்றிக் குடிக்க வேண்டும். கூடுதலாகப் போகும் நேரம் கால் மணி. செலவு ஒரு காசு இல்லை. அதேபோல் மேசையில் ஹாப்ஸ் தூக்கலான புட்டி வந்தால் நடுவர்கள் தாங்களே நிறுத்தி இடைவெளி விட்டுக்கொள்ளும்படி வழிமுறையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அடக்கமான பீருக்குச் சலுகை காட்டச் சொல்லவில்லை. கனத்த பீருக்குக் கிடைக்கிற அதே சூடு, அதே நுரை, அதே சுத்தமான நாக்கு இதற்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மதியம் என் இணை நடுவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. அடுத்த போட்டியிலும் என்னோடு உட்காரத் தயார் என்று எழுதியிருந்தார். எந்த மேசை என்று சொல்லவில்லை. எந்த மேசை என்று நான் பதில் எழுதிவிட்டேன்.

பரிசுக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பீரைப் பற்றி என் தீர்ப்பை இங்கே பதிந்துவைக்கிறேன். நேற்று நான் வாய்வைத்த எல்லாவற்றிலும், மற்ற மேசைகளில் நண்பர்கள் நீட்டிய குவளைகள் உட்பட, கைத்திறனில் உயர்ந்தது அதுதான். பெயர் தெரியாத அந்தக் காய்ச்சுபவர் தண்ணீரைச் சீராக்கியிருக்கிறார், ஈஸ்டுக்குக் காத்திருந்திருக்கிறார், கொதியைக் குறைக்கவில்லை, காற்றுப் படாமல் அடைத்திருக்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில் பீர் நடுவர்கள் இருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த போட்டிக்கு விருப்ப மேசை கேட்டுக் கடிதம் வரும்போது, முதல் வரியில் 18-ஏ என்று எழுதி அனுப்புங்கள்.